நல்லம்மாவுக்கு வலித்த வாரம்

நல்லம்மாவுக்குக் கோபமே வராது. கஞ்சியைச் சுடச்சுட ஊட்டினாலும் சரி, சிக்கெடுக்கிறேன் என்று தலைமுடியைப் பிய்த்தாலும் சரி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது காலை எங்காவது இடித்தாலும் சரி, "பரவால்லீங்க" என்பாள். கொஞ்சம் பலமாகவே இடித்துவிட்டால், "பரவால்லீங்க, நீங்க பாருங்க" என்பாள்.

அதனால்தான் அந்தப் பெயர். பெட்டியில் வந்து இறங்கியபோது அவள் வெறும் 'பயிற்சித் துணை - நான்கு' என்ற பேசும் பொம்மை. ஐம்பத்து நான்கு கிலோ எடை, எண்பது வயது உடம்பு, சுருங்கிய தோல், அந்தத் தோலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான உணரிகள். கோவை சிறுவாணி சாலையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் வசித்த நாற்பத்திரண்டு பேரும் ஆறு மாதம் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். எங்கே தொட்டால் உடம்பு எப்படிச் சுருங்குகிறது, அப்போது வாய் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் பட்டை பதிவு செய்துகொண்டது. நாற்பத்திரண்டு உடம்புகளையும் கலந்து செய்த ஓர் உடம்புதான் நல்லம்மா.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அவளிடம் பழக வேண்டும். நூற்றுக்கு அறுபது வாங்கினால்தான் உண்மையான மனிதரைத் தொடலாம். மூன்று வாய்ப்புகள், மூன்றிலும் தவறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நல்லம்மா வந்த பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் எண்பது, தொண்ணூறு என்று வாங்கினார்கள். பயிற்சிப் பொறுப்பாளர் யாழினிக்கு அதில் பெருமை. இருபத்திரண்டு வருடமாக இந்த இல்லத்தில் இருக்கிறாள். தான் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நினைத்துக்கொள்வதோடு சரி. கண்ணாடி முன்னால் நின்று அடையாள அட்டையை மாட்டும்போது அந்த நினைப்பு தினமும் ஒருமுறை வந்துபோகும்.

அந்தப் பெருமையில் விழுந்த ஒரே கீறல் கார்வேந்தன்.

ஐம்பத்து மூன்று வயது, முன்னாள் லாரி ஓட்டுநர். லாரிகள் தாமாகவே ஓடத் தொடங்கிய பிறகு பறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளப் போனார். விரல் பெரிதாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நாற்றுப்பண்ணையில் சேர்ந்தார். அங்கேயும் விரல்தான். இங்கே வந்து முதல் வாரத்திலேயே யாழினியிடம் சொல்லியிருந்தார்: "இந்த வேலையிலதானுங் டீச்சர், எங்கைய பாத்து ஒருத்தரும் மொகஞ்சுளிக்கல."

முதல் தேர்வில் முப்பத்து நான்கு. இரண்டாவதில் முப்பத்தொன்பது. மூன்றாவது வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் நல்லம்மாவின் கட்டிலருகே நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற நான்கு நிமிடம். சுவர்த் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, உங்களச் சித்த சாச்சு உக்கார வெக்கப் போறனுங்க. சரிங்களா?"

"சரிங்க."

கார்வேந்தன் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தார். இடது முழங்காலை மடக்கினார். நின்றார்.

"வலிக்குதுங்களா?"

"பரவால்லீங்க."

"நெசமாச் சொல்லுங்க."

"பரவால்லீங்க."

கையை எடுத்துவிட்டார். வேறு பக்கமாக வந்து மறுபடி தொடங்கினார். மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்.

பின்னால் நின்ற தான்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன மாதம்தான் தொண்ணூற்றாறு வாங்கி வேலையில் சேர்ந்த பெண். "அண்ணா, பொண்ணு பாக்க வந்தவராட்டம் இப்படிப் பேசிட்டே இருந்தா எப்ப அண்ணா தூக்குவீங்க?"

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இத்தன கேள்வி கேக்கல அம்மிணி. கேட்டிருந்தா தப்பிச்சிருப்பா, அவ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. சுவரில் முப்பத்தாறு என்று வந்தது.

மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனதும் யாழினி அவரிடம் வந்தாள். "அண்ணா, ஒருக்கா கேட்டாப் போதும்ங்க. அதுதான் பரவால்லன்னு சொல்லுதில்ல? அப்பறமும் நின்னுட்டே இருந்தா வெள்ளிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"நல்லம்மா பொய் சொல்லுதுங் டீச்சர்."

"பொம்மைக்கு எங்க அண்ணா பொய் சொல்லத் தெரியும்?"

"உங்க கையக் கொண்டாங்க. இப்படி வெய்ங்க."

யாழினி இடது கையை நீட்டினாள். எதையும் இடது கையால் செய்வது இப்போது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. ஒன்றரை வருடமாக வலது தோளை உயர்த்தினால் குத்தும். யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்று தேநீர்க் கோப்பையைக் கை மாற்றிக்கொள்வாள்.

அவள் உள்ளங்கையை நல்லம்மாவின் முன்கையில் வைத்துவிட்டு, கார்வேந்தன் பொம்மையின் இடது முழங்காலை மெல்ல மடக்கினார். உள்ளங்கைக்கு அடியில் தசை கயிறுபோல முறுக்கிக்கொண்டது.

"பரவால்லீங்க," என்றாள் நல்லம்மா, அதே இனிமையோடு.

யாழினி கையை எடுக்கவில்லை. அவர் இன்னொரு முறை மடக்கினார். இன்னொரு முறை முறுக்கிக்கொண்டது.

"இருபத்தாறு வருசம் லாரி ஓட்டிருக்கனுங்க," என்றார் கார்வேந்தன். "மீட்டருல எல்லாஞ் சரியாத்தான் காட்டும். ஸ்டீரிங் புடிச்ச கைக்கு மட்டும் தெரியும், வண்டி நோவுதுன்னு. இதும் அப்படித்தானுங்க. எனக்கே முதுகுல டிஸ்க் நழுவி மூணு மாசம். பொண்டாட்டி கேட்டா பரவால்ல, மொதலாளி கேட்டா பரவால்லீங்க. டாக்டரு கேட்டதுக்கும் அதையே சொல்லிப்போட்டு எந்திரிச்சு வந்தனுங்க. நம்ம பக்கத்துல அது வாயில தானா வர்றது. அத நம்பி எப்படிங்க இன்னொருத்தர் கால மடக்கறது?"

யாழினிக்குத் தேநீர் குடிக்கத் தோன்றவில்லை.

வாய் ஏன் அப்படிப் பேசுகிறது என்று அவளுக்குத் தெரியும். வேலைக்கு வந்தவர்களில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

பட்டைகள் வந்து இறங்கிய நாளில் அவள் எல்லோரையும் உணவுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசினாள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பதிவு செய்கிறார்கள், நம் இல்லத்துக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டும், குறை எதுவும் சொல்லாதீர்கள், எனக்காக, என்றாள். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது பிள்ளைகளிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர்களும் விருந்தாளிக்கு முன்னால் நடந்துகொள்வதுபோலவே நடந்துகொண்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த இல்லம் எவ்வளவு நிம்மதியான இடமாகிவிட்டது என்று அவள் பூரித்துப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகும் வரவில்லை. இந்த எண்ணத்தில்தான் கால் தடுக்கியது.

அவள் நேரே மகுடேஸ்வரியின் அறைக்குப் போனாள். எழுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் கோவையில் மென்பொருள் சோதனையாளராக இருந்தவர். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது வேலை. தான்யா அப்போதுதான் அவருக்குத் தலைவாரிவிட்டு வெளியே வந்தாள். மகுடேஸ்வரி இறுக்கப் பின்னிய சடையோடு, இரண்டு கண்ணிலும் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார்.

"அழுகறீங்களா?"

"சேச்சே. காத்து."

சன்னல் சாத்தியிருந்தது.

"மகுடம்மா, தான்யா வாரும்போது வலிக்குதா?"

"பரவால்ல கண்ணு. நல்ல புள்ள. சுறுசுறுப்பு."

யாழினி கட்டிலில் உட்கார்ந்தாள். "நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுனேன்? எங்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லக் கூடாதா?"

மகுடேஸ்வரி அவளை விநோதமாகப் பார்த்தார். "ஏங்கண்ணு, நீதான குறை சொல்லக் கூடாதுன்ன?"

"அது அப்பங்க! பதிவு நடக்கும்போது!"

"முடிஞ்சுதுன்னு நீ வந்து சொல்லவே இல்லியே."

யாழினி சாத்தியிருந்த சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாங்களும் இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தோம். வடக்குப் பக்கத்து ரூம்ல ரத்தினசபாபதி, மனுசன் ரசத்தைக் குடிக்கறப்பெல்லாம் கண்ண மூடிக்கறாரு. சாமி கும்புடறாருன்னு நெனச்சிருப்ப. இல்ல, ரசம் அப்படி." மகுடேஸ்வரி தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்தார். "நான் சும்மா இருப்பனா? தப்பு கண்டுபுடிச்சே சோறு தின்னவ. சொல்லத்தான கூடாதுன்ன, எழுதக் கூடாதுன்னு சொல்லலியே."

இருநூற்றுப் பதினான்கு குறைகள். தேதி, நேரம், இடம், யார் கையில் நடந்தது, திரும்ப நடக்கிறதா இல்லையா. 'தலை வாருதல் - உச்சியில் பழைய தழும்பு - தினமும்.' 'குளிக்கத் துணி மாற்றும்போது கதவு அரை அங்குலம் திறந்து - வாரம் இருமுறை.' 'விடியலில் ரத்த அழுத்தம் பார்க்க எழுப்புதல் - தூங்கும்போது சரியாக இருக்கும் அழுத்தம் எழுப்பியதால் ஏறுகிறது.' யாழினி சிரித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திருப்பத் திருப்பச் சிரிப்பு தேய்ந்தது. தொண்ணூற்று எட்டாவது குறை: 'யாழினி - வலது கையால் தூக்குவதில்லை - நம்மை இடப்பக்கமாகவே சாய்க்கிறாள் - பாவம், என்னவோ.'

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் தன்னுடைய திறமை என்று நினைத்தது இவர்களுடைய அன்பாக இருந்திருக்கிறது. அதை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்வது என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், யாரோ தன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்ததுபோல ஒரு சுகமும் இருந்தது. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே நல்லம்மாவைச் செய்த நிறுவனத்துக்குப் பேசினாள். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொலைபேசியைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் கெடாது. கார்வேந்தன் மட்டும் வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போவார். அப்படி அவர் போகும்போதும், "பரவால்லீங் டீச்சர்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அதை நினைத்ததும் மூன்றாவது முறை கீழே வைக்கவில்லை.

புதன்கிழமை சென்னையிலிருந்து பொறியாளர் அனீஸ் வந்தார். யாழினி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் நல்லம்மாவின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கம்பியைச் செருகி, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். பட்டை ரெண்டையும் பதிஞ்சிருக்கு. உடம்பு ஒண்ணு சொல்லுது, வாய் வேற சொல்லுது."

"அப்பறம் ஏன் வாயை நம்பி மார்க் போடுது?"

"நாங்கதான் அப்படி எழுதினோம். ஒருத்தர் தன்னைப் பத்தித் தானே சொல்றதுக்குத்தான் முதல் மதிப்பு கொடுக்கணும்னு. ஒரு மரியாதைக்காக மேடம்."

"அவங்களும் மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க," என்றாள் யாழினி.

அனீஸ் கம்பியை உருவிச் சுற்றினார். "வாய் சொல்றதை நம்பாம இருக்கறதும் தப்பில்லையா மேடம்? வேணாம்னு சொன்னா வேணாம்தானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் உணவுக்கூடத்தில் கிடைத்தது. மகுடேஸ்வரி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். மூன்றாவது தோசை வந்தபோது, "போதும்மா" என்றார் அனீஸ். மகுடேஸ்வரி தோசையைத் தட்டில் போட்டார். அனீஸ் ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான்காவதுக்கும் "போதும்மா" என்றார். மகுடேஸ்வரி கரண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முன்னாடி போட்டீங்க, இப்ப ஏன் போடல?" என்றார் அனீஸ்.

"அப்பப் போதும்னு சொன்ன, தட்டை நவுத்தல. இப்பச் சொன்ன, தட்டு அக்கட்டாலப் போயிருச்சு. வாயும் கையும் ஒண்ணாச் சொன்னா நம்பிக்கோணும். ரெண்டும் வேற வேற சொன்னா, இன்னொருக்கா கேக்கோணும். இதுக்கு எதுக்கு ராசா கம்பி?"

அனீஸ் கை கழுவப் போகாமல் எச்சில் கையோடே அதை மற்றொரு கையால் குறித்துக்கொண்டார். 'முரண்பட்டால், மீண்டும் கேட்பவருக்கே மதிப்பெண்.' எழுந்து போகும்போது யாழினியிடம் சொன்னார்: "ஆனா நல்லம்மாவுக்கு உண்மையைச் சொல்லவும் யாராவது கத்துத் தரணும். அது எப்பவும் கேட்டுக்கிட்டேதான் இருக்கும் மேடம். இங்க இருக்கறவங்ககிட்ட மட்டுமில்ல, பயிற்சிக்கு வர்றவங்ககிட்டயும் கத்துக்கும்."

வியாழக்கிழமை நல்லம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து உணவுக்கூடத்தின் நடுவில் கொண்டுவந்து விட்டார்கள். நாற்பத்திரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். யாழினி எழுந்து நின்றாள்.

"அன்னைக்குக் குறை சொல்லாதீங்கன்னு கேட்டது நான்தானுங்க. அது தப்பு. முடிஞ்சுதுன்னு சொல்லாம விட்டது அதவிடத் தப்பு. இன்னைக்குச் சொல்றேன், முடிஞ்சுது. யாருக்கு என்ன நோவுதோ, என்ன புடிக்கலையோ, எல்லாத்தையும் நல்லம்மாகிட்டச் சொல்லிருங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு குரல், "எனக்கு ஒரு குறையும் இல்லீங்க" என்று தொடங்க, நாலாபக்கமும் கூச்சல் எழுந்தது.

அதன் பிறகு ரத்தினசபாபதி எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ரசம்," என்றார். ஒரே வார்த்தைதான். கைதட்டல் அடங்க நேரமானது. சமையலறைக் கதவில் நின்ற சமையல்காரர், "ஒரு வருசமாவா சாமி?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கை குளிர்ந்திருக்கிறது, தேய்த்துவிட்டுத் தொட வேண்டும். குழந்தையிடம் பேசுவதுபோல ராகம் போட்டுப் பேசக் கூடாது. இடது காது கேட்காது என்றால் வலது பக்கம் வந்து பேச வேண்டும், இடது காதிலேயே கத்தக் கூடாது. புடவைக் கொசுவத்தைப் பாவாடைக்குள் திணிப்பது ஒரு கலை, அதை மூட்டை கட்டுவதுபோலச் செய்யக் கூடாது. தான்யா முதலில் சிவந்தாள், பிறகு நோட்டு எடுத்து எழுதினாள். பிறகு எழுதுவதை விட்டுவிட்டு மகுடேஸ்வரிக்குப் பின்னால் போய் நின்று, "எந்த எடம்னு காட்டுங்க" என்று உச்சியை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு வருடமாகச் சிரித்த முகமாக இருந்தவர்கள் அன்று முகத்தைக் கோணிக்கொண்டு பேசினார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் அத்தனை சிரிப்பை யாழினி கேட்டதே இல்லை. நடுவில் நல்லம்மா கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பழையவர்கள், புதியவர்கள் எல்லோரையும் ஒருமுறை சோதித்துவிடலாம் என்றார் அனீஸ். தான்யா முதலில் போனாள்.

"அம்மிணி, கை ஐஸாட்டம் இருக்குது. தேச்சுட்டு வா," என்றாள் நல்லம்மா.

தான்யா திடுக்கிட்டு இரண்டடி பின்வாங்கினாள். நாற்பத்து நான்கு. அடுத்து யாழினி. பதற்றமில்லாமல்தான் தொடங்கினாள். பாதியில், "ஏனுங்க, எப்பப் பாத்தாலும் இடப்பக்கமாவே சாய்க்கறீங்க, இடுப்பு புடிச்சுக்குது" என்றாள் நல்லம்மா. ஐம்பத்தேழு. பயிற்சிப் பொறுப்பாளர் தவறிவிட்டார் என்ற செய்தி நொடியில் இல்லம் முழுக்கப் பரவி, வடக்குப் பக்க அறைகளிலிருந்துகூடக் கைதட்டல் கேட்டது. யாழினியும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாகக் கார்வேந்தன். உள்ளங்கைகளைச் சட்டையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, நாற்காலிக்கு மாத்தப் போறனுங்க. சரிங்களா?"

"சரிங்க."

"இது வலிக்குதுங்களா?"

"ஆமாங்க. இடது முட்டி."

"இப்படிப் புடிச்சா?"

"இப்பச் சரிங்க."

அவ்வளவுதான். மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரிய கைகளில் நல்லம்மா ஒரு துணி மடிப்புபோல எழுந்து, திரும்பி, நாற்காலியில் அமர்ந்தாள். மூன்றரை நிமிடம். எண்பத்தொன்பது.

கார்வேந்தன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "டீச்சர், அது நெசமாலுமே என்ற மார்க்குங்களா?" என்றார். தான்யா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அண்ணா, எனக்கும் சொல்லிக்குடுங்கண்ணா. பொண்ணு பாக்கறாப்பலயே பேசறேன்." மகுடேஸ்வரி தன் நோட்டில் ஒரு வரியை அடித்தார்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அன்றைக்குப் புது ரசம். யாழினி மட்டும் பின்தங்கி, நல்லம்மாவைக் கட்டிலுக்கு மாற்றினாள். ஐம்பத்தேழு வாங்கியவளுக்கு ஒத்திகை வேண்டுமே என்று தனக்குள்ளேயே கேலி செய்துகொண்டாள். இந்த முறை வலப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். தோளில் ஊசி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துவிட்டபோது நல்லம்மாவின் விரல்கள் மெல்ல உயர்ந்து அவள் முன்கையில் படிந்தன. பயிற்சியில் அப்படி ஒரு பாடமே கிடையாது.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

குரல் நல்லம்மாவுடையதுதான். இழுவை மட்டும் கார்வேந்தனுடையது.

யாழினி சுற்றிலும் பார்த்தாள். அறையில் யாருமில்லை. பொம்மையிடம் என்ன சொல்வது? "பரவால்லீங்க," என்றாள்.

விரல்கள் விலகவில்லை. தன் தசை அந்த விரல்களுக்கு அடியில் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நிற்பதை அவளே உணர்ந்தாள்.

"நெசமாச் சொல்லுங்க."

உணவுக்கூடத்திலிருந்து யாரோ ரசத்துக்குக் கைதட்டும் சத்தம் வந்தது. யாழினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒன்றரை வருடம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அதற்கு அவள் இடம் கொடுத்ததும் இல்லை.

"ஆமாங்க," என்றாள். "நெம்ப வலிக்குதுங்க."

"எந்தப் பக்கம்ங்க?" என்றாள் நல்லம்மா.